சிடியில் கேவிட்டி, சளியில் டிபி கிருமி இல்லை: நுரையீரல் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்குமா?

குடியாத்தம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். நாற்பதைத் தாண்டிய வயது. தீபாவளி முடிந்து இருமல் பிடித்தது, அப்புறம் சளியில் ரத்தக் கோடு. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவுடன் "கேவிட்டி (குழி) இருக்கிறது, டிபிதான்" என்று மாத்திரை தொடங்கிவிட்டார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி வரவில்லை, பிறகு எடுத்த சிபிநாட்டிலும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) வரவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது.

இப்போது சிடி எடுத்திருக்கிறோம். ரிப்போர்ட்டில் இருப்பது இது: இரண்டு பக்க நுரையீரலிலும் பல நாட்யூல்கள் (உருண்டை முடிச்சுகள்), சிலவற்றின் நடுவே குழி, சுற்றிலும் கிரவுண்ட் கிளாஸ் (மங்கலான திட்டு), சில நாட்யூல்களை நோக்கி ஓர் இரத்தக்குழாய் போகிறது. கடைசி வரியில் டிபி, பூஞ்சைத் தொற்று, வாஸ்குலைட்டிஸ் (இரத்தக்குழாய் அழற்சி) மூன்றையும் யோசிக்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் பெட் சிடி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். இன்னொருவர் சிடி ஆஞ்சியோ (மருந்து ஏற்றி இரத்தக்குழாய்களைப் படமெடுப்பது) என்கிறார். மாமா கைத்தறி நெசவு. இரண்டையும் எடுக்க வசதியில்லை. எதை எடுப்பது?

ஆற்காடு_பெரியவர்

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் நுரையீரலில் ஓட்டை என்றால் பெரும்பாலும் அது டிபிதான். சளியில் கிருமி வராமலே டிபி இருந்தவர்களை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். அபூர்வமான நோயைத் தேடிப்போய், கண்முன்னால் இருக்கிற நோயைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு.

காட்பாடி_சிடி_அறை

நான் சிடி டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட்தான், அதனால் அக்காவுக்கு என்ன நோய் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்தப் படம் எதைக் காட்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

வாஸ்குலைட்டிஸ் என்றவுடன் "இரத்தக்குழாய் நோய்தானே, ஆஞ்சியோ எடுத்தால் தெரிந்துவிடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். அது எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது. நுரையீரலின் நுண்குழாய் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. சாதாரண சிடி பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வரைக்கும்தான். ஆகவே சிறிய குழாய்களில் அழற்சி இருந்தால் அந்தக் குழாயை எந்தச் சிடியும் காட்டாது. தெருவுக்கு அடியில் குழாய் கசிந்தால் மேலே ஈரம் மட்டும் தெரியுமே, அப்படித்தான் விளைவு மட்டும் படத்தில் வரும். ரத்தம் கசிந்து காற்றறைகளில் நிரம்பினால் மங்கலான திட்டு. ரத்த ஓட்டம் போய் திசு அழிந்தால் நாட்யூல். அது நடுவில் கரைந்தால் குழி.

அதைப் பார்க்க எச்ஆர்சிடி போதும். ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய துண்டுகள், கான்ட்ராஸ்ட் ஊசி (குழாய்களைப் பளிச்சென்று காட்டும் மருந்து) கட்டாயமில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தபடி எடுக்க வேண்டும். இருமல் உள்ளவர்களுக்கு அதுதான் சிரமம். படம் அசைந்துவிட்டால் மங்கல் உண்மையானதா, அசைவால் வந்ததா என்ற குழப்பம் வந்துவிடும்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தேவையான படத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. மூக்கில் அடிக்கடி ரத்தம், பொருக்கு, காது அடைப்பு, மூட்டு வலி ஏதாவது உண்டா?

குடியாத்தம்_தம்பி

அண்ணா, மூக்கில் பொருக்கு உண்டு! அக்காவுக்கு ரொம்ப நாளாகவே சைனஸ் என்று சொல்லி சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். வலது காது சரியாகக் கேட்பதில்லை. இதற்கும் நுரையீரலுக்கும் தொடர்பு இருக்குமென்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

பெரியவர் சொன்னதில் பாதியை முழுமையாக ஏற்கிறேன். மாத்திரையை வீட்டில் முடிவெடுத்து நிறுத்தக் கூடாது. சளி நெகட்டிவ் என்பதால் மட்டும் டிபி இல்லை என்றாகாது என்பதும் சரி. ஆனால் சளி நெகட்டிவ், சிபிநாட் நெகட்டிவ், மாத்திரைக்கும் குணமில்லை, மூக்கும் காதும் சேர்ந்து கெட்டிருக்கிறது என்றால், "டிபிதான்" என்ற முதல் முடிவிலேயே உட்கார்ந்திருப்பதற்கு மன்னிப்பே இல்லை. நம் பகுதியில் வாஸ்குலைட்டிஸ் நோயாளிகள் பலர் டிபி மாத்திரை வழியாகத்தான் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் சிறுநீரகம் போய்விடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

அக்காவிடம் யோசிக்க வேண்டியது ஜிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். பழைய பெயர் வெக்னர் நோய், 2011இல் பெயரை மாற்றினார்கள். மூக்கு, சைனஸ், காது, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறிய இரத்தக்குழாய்களைத் தாக்கும்.

படத்தில் டிபியையும் இதையும் எப்படிப் பிரிப்பது? உறுதியாகப் பிரிக்க முடியாது. சாய்வுகள் மட்டும் உண்டு. பெரியவர்களுக்கு வரும் டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியைப் பிடிக்கும். மூச்சுக் கிளைகள் வழியே பரவுவதால் சிடியில் துளிர்விட்ட கிளை மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் வரும். ஜிபிஏ நாட்யூல்கள் மேல் கீழ் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் சிதறி, பல நேரம் வெளி ஓரத்தில் இருக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை போகலாம். பெரிதாகும்போது நடுவில் குழி விழும், குழியின் சுவர் தடித்து உட்புறம் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

நாட்யூலைச் சுற்றி கிரவுண்ட் கிளாஸ் வளையம் இருந்தால் அங்கே ரத்தம் கசிந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் அதே வளையத்தைக் காட்டும். நாட்யூலுக்குள் குழாய் போவது போன்ற தோற்றம், இதய வால்விலிருந்து சீழ்க்கட்டிகள் நுரையீரலுக்கு வந்தாலும் வரும், வேறு உறுப்புப் புற்றுநோய் பரவினாலும் வரும். ரேடியாலஜிஸ்ட் மூன்று பெயர் எழுதியதைக் குழப்பம் என்று நினைக்காதீர்கள். அவர் நேர்மையாக எழுதியிருக்கிறார்.

அதனால் இப்போது செலவழிக்க வேண்டியது இன்னொரு ஸ்கேனுக்கு அல்ல. சிறுநீர் முழுப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஆன்கா (இந்த வகை வாஸ்குலைட்டிஸில் ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்). இந்த வாரமே.

சத்துவாச்சாரி_வாசகர்

பெட் சிடி எடுக்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது டாக்டர். என் அண்ணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தபோது பெட் சிடியில்தான் பெருந்தமனி சுவர் முழுக்க அழற்சி இருப்பது தெரிந்தது. அதற்கு முன் எடுத்த எதிலும் வரவில்லை. உடம்பு முழுவதையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்றால் ஏன் தள்ளிப்போட வேண்டும்?

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

உங்கள் அண்ணிக்கு அது மிகச் சரியான பரிசோதனை. பெட் சிடியில் சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்கப் பொருளை ஏற்றுகிறோம். சுறுசுறுப்பாக வேலை செய்யும் செல்கள் அதை அதிகம் இழுக்கும். பெருந்தமனி போன்ற பெரிய குழாயின் சுவர் ஒளிர்ந்தால் அதற்கு அர்த்தம் தெளிவு. ஆனால் நுரையீரல் நாட்யூல் ஒளிர்ந்தால்? டிபியும் ஒளிரும், பூஞ்சையும் ஒளிரும், புற்றுநோயும் ஒளிரும், ஜிபிஏவும் ஒளிரும். குடியாத்தம் அக்காவின் கேள்வியே இவற்றில் எது என்பதுதான். அதற்குப் பெட் சிடி பதில் சொல்லாது. பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) எங்கே திசு எடுப்பது என்று தேட வேண்டிய நிலை வந்தால் உதவலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. பெரிய குழாய் நோய்க்குப் பெட் எடுப்பதாக இருந்தால் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்போ, தொடங்கிய ஓரிரு நாளுக்குள்ளோ எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஒளிர்வு மங்கிவிடும்.

ஆம்பூர்_தங்கை

பெரிய குழாய் என்றதால் எழுதுகிறேன். எனக்கு டகயாசு, பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் அழற்சி. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஒருவர் முதலில் விவரித்த நோய், அவர் பெயர்தான் அது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும், இடது கையில் நாடி கிடைக்காது. எக்கோவில் நுரையீரல் பக்க அழுத்தம் அதிகம் என்றார்கள். சிடி ஆஞ்சியோவில் வலது நுரையீரல் தமனியின் ஒரு கிளை அடைபட்டிருந்தது. ரத்தக்கட்டி என்று சொல்லி ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் அடைப்பு அப்படியே இருந்தது.

அப்புறம் வேலூரில் ஒரு ருமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்கள்) மருத்துவர் இரண்டு கையிலும் பிபி பார்த்தார். வித்தியாசம் பெரிதாக இருந்தது. பழைய சிடி ஸ்கேன் இருந்த குறுந்தகட்டையே மறுபடி திறந்து பார்த்துவிட்டு, இது கட்டி அல்ல, குழாயின் சுவரே தடித்துப்போய் வழி குறுகியிருக்கிறது என்றார். கழுத்துக்குப் போகும் குழாய்களும் தடித்திருந்தன. படம் ஒன்றுதான், பார்க்கும் கேள்வி மாறியது.

காட்பாடி_சிடி_அறை

தங்கை சொன்னதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. நுரையீரல் தமனி ஆஞ்சியோவில் முழங்கையில் கொஞ்சம் பெரிய ஊசி போட்டு நொடிக்கு நான்கைந்து மில்லி வேகத்தில் கான்ட்ராஸ்ட் தள்ளுவோம். மருந்து நுரையீரல் தமனிக்கு வந்த அந்த நொடியில் படம். குழாயின் உள்வழி பளிச்சென்று வெளுக்கும், உள்ளே கட்டி இருந்தால் கருப்பாகத் தெரியும். ஆனால் சுவர் அழற்சி அந்த நொடியில் சரியாகத் தெரியாது. மருந்து சுவருக்குள் ஊறச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே வாஸ்குலைட்டிஸ் சந்தேகம் என்று ரெக்வெஸ்ட் தாளில் மருத்துவர் எழுதியிருந்தால், ஒரு நிமிடம்போலத் தாமதித்து இன்னொரு சுற்று எடுப்போம். "மூச்சுத் திணறல்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் கட்டி தேடும் படத்தோடு முடிந்துவிடும். அந்தத் தாளில் இருக்கும் இரண்டு வரிக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

இதோடு ஒரு எச்சரிக்கை. பெச்செட் என்று இன்னொரு நோய், வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் வரும். அதில் நுரையீரல் தமனி பலூன்போல வீங்கும், உள்ளே கட்டியும் ஒட்டியிருக்கும். கட்டியை மட்டும் பார்த்து ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து கொடுத்தால் வீக்கம் வெடித்து உயிருக்கே ஆபத்து. இருமலில் ரத்தம் கொட்டும் இளைஞருக்கு ஆஞ்சியோ எடுக்கும்போது ரேடியாலஜிஸ்ட் குழாயின் அகலத்தையும் அளந்து எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

லேப்_அண்ணன்

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. அவசரத்தில் ஸ்ட்ரிப் மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சாம்பிளும் புதிதாக இருக்க வேண்டும். சிதைந்த வடிவச் சிவப்பணுக்களோ, சிவப்பணு வார்ப்புகளோ (உருளை வடிவில் ஒட்டிய சிவப்பணுக்கள்) இருந்தால் சிறுநீரக வடிகட்டியிலும் அழற்சி என்று பொருள். ஆன்காவைப் பொறுத்தவரை பிஆர்3, எம்பிஓ என்ற அதன் இரண்டு வகைகளுக்கும் தனித்தனியாக அளவு தரும் பரிசோதனையே நல்லது. 2017இல் வந்த சர்வதேசக் கருத்தொற்றுமையும் முதலில் அதைச் செய்யத்தான் சொல்கிறது. டிபி நோயாளிகளுக்கும் சில சமயம் ஆன்கா பாசிட்டிவ் வரும், அதனால் அந்த ஒரு தாளை வைத்தும் முடிவு கட்டக் கூடாது.

பாலாறு_கரை

கல்குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நோய் வருமா? என் சித்தப்பா நீண்ட காலம் கல் உடைத்தவர். அவருக்கும் மூச்சுத் திணறல், சிடியில் "ஃபைப்ரோசிஸ்" (தழும்பு) என்று போட்டிருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறது.

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

கேட்டது நல்லது. கல் உடைக்கும்போது எழும் சிலிக்கா தூசிக்கும் ஆன்கா வகை வாஸ்குலைட்டிஸுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் தனியாகவே நுரையீரலைத் தழும்பாக்கும், டிபி வரும் வாய்ப்பையும் கூட்டும். ஆகவே எல்லாவற்றையும் தூசி மேல் போட்டுவிடுவது எளிது. ஆனால் எம்பிஓ வகை ஆன்கா உள்ளவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் தேன்கூட்டுத் தழும்பு வரலாம், சிலருக்கு வாஸ்குலைட்டிஸ் வெளியே தெரிவதற்கு முன்பே வரும். 2022இல் வெளியான அமெரிக்க, ஐரோப்பிய வகைப்படுத்தல் அளவுகோலில் எம்பிஏ என்ற இன்னொரு ஆன்கா வாஸ்குலைட்டிஸ் வகைக்கு, படத்தில் தெரியும் நுரையீரல் தழும்புக்கே 3 புள்ளி. ஜிபிஏவுக்கு நாட்யூலோ குழியோ இருந்தால் 2 புள்ளி, பிஆர்3 ஆன்காவுக்கு 5 புள்ளி. புள்ளி கூட்டி நோயை முடிவு செய்வதற்கான அட்டவணை அல்ல அது, வாஸ்குலைட்டிஸ் என்று தெரிந்தபின் வகை பிரிப்பதற்கானது. இருந்தாலும் படத்துக்கு எவ்வளவு எடை, ரத்தத்துக்கு எவ்வளவு எடை என்பது அதில் தெரிகிறது.

சித்தப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போவதை அலட்சியம் செய்யாதீர்கள். எம்பிஓ பாருங்கள்.

ஆற்காடு_பெரியவர்

டாக்டர், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. என் பயம் வேறு. வாஸ்குலைட்டிஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே டிபி இருந்தால் என்ன ஆகும்?

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

உங்கள் பயம் நியாயமானது. டிபி தலைவிரித்தாடும். அதனால்தான் நாட்யூல் நோயாளியிடம் நேரம் இருந்தால் பயாப்சி கேட்கிறோம். சிடியைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும்போது குழியின் நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும், தடித்த சுவரில் எடுக்க வேண்டும். மூக்குப் பயாப்சி எளிது, ஆனால் பல நேரம் உறுதியான பதில் கிடைக்காது. சிறுநீரகம் பாதித்திருந்தால் அங்கே எடுப்பது பெரும்பாலும் நல்ல பதில் தரும். எடுத்த திசுவை டிபி கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) பூஞ்சைக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

நேரம் இல்லாத நிலை ஒன்று உண்டு. நுரையீரலுக்குள் பரவலான ரத்தக்கசிவு. சிடியில் இரண்டு பக்கமும் நடுப்பகுதி முழுக்க மங்கல், ஓரங்கள் ஓரளவு தப்பியிருக்கும். நிமோனியா போலவே தெரியும். இருமலில் ரத்தமே வராமலும் இது நடக்கும், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அப்படி. ஹீமோகுளோபின் இரண்டு நாளில் காரணமில்லாமல் சரிந்தால் சந்தேகப்பட வேண்டும். பிராங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய்க்குள் விடும் கேமராக் குழாய்) உப்புநீர் விட்டு உறிஞ்சும்போது ஒவ்வொரு முறையும் சிவப்பு கூடிக்கொண்டே வந்தால் கசிவு உறுதி. அங்கே பயாப்சிக்குக் காத்திருக்க மாட்டோம்.

முன்பெல்லாம் ஜிபிஏ வந்தால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள். 1970களில் சைக்ளோபாஸ்பமைடையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர், கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஆன்டனி ஃபாச்சி. இன்று ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் இருக்கிறது. மருந்து இருக்கும் நோயைப் பெயர் தெரியாமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

குடியாத்தம்_தம்பி

அப்டேட். பிஆர்3 மிக அதிகம். சிறுநீரில் சிவப்பணுக்கள், கிரியாட்டினின் லேசாகக் கூடியிருக்கிறது. சைனஸ் சிடியில் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையும் எலும்பு அரிப்பும் இருக்கிறது. வேலூரில் அட்மிட் செய்து சிறுநீரகப் பயாப்சி எடுத்தார்கள், அழற்சி உறுதி. டிபி கல்ச்சர் இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் மருத்துவர்கள் கூடிப் பேசி ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்கள். டிபி மாத்திரையை இப்போதைக்குத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள், கல்ச்சர் வந்ததும் முடிவு. ரிட்டுக்சிமாப் கொடுப்பதற்கு முன் மஞ்சள்காமாலை பி பரிசோதனையும் எடுத்தார்கள். பெட் சிடி யாருமே கேட்கவில்லை.

மாமா ஒன்று கேட்கச் சொன்னார். இனி மாதாமாதம் சிடி எடுக்க வேண்டுமா? கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்.

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது தம்பி. மாதாமாதம் வேண்டாம். ஒரு மார்புச் சிடி ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரே 0.1க்குள். தேவைக்கு எடுப்பதில் தயக்கம் வேண்டாம், ஆனால் பழக்கத்துக்காக எடுக்கக் கூடாது. ரத்தமும் சிறுநீரும் அடிக்கடி, எக்ஸ்ரே இடையிடையே, சில மாதம் கழித்து ஒரு சிடி என்பதுதான் வழக்கமான போக்கு. மங்கல் திட்டு சில நாளிலிருந்து ஓரிரு வாரத்தில் தெளியும். நாட்யூல் சுருங்க மாதங்கள் ஆகும், சில இடத்தில் தழும்பு நிலைத்துவிடும். அந்தத் தழும்பை அடுத்த ரிப்போர்ட்டில் பார்த்து நோய் போகவில்லை என்று கலங்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது புதிய நிழல். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது புதிதாக ஒரு நாட்யூல் வந்தால் அது நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர். அதனால் காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குரல் கரகரத்தாலோ மூச்சிழுக்கும்போது சத்தம் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்குவது இந்த நோயில் உண்டு, மார்புச் சிடியில் கழுத்தைச் சேர்க்காமல் எடுத்தால் அது தப்பிவிடும்.

ஆம்பூர்_தங்கை

டாக்டர், எனக்கும் இதே கேள்வி. வருடாவருடம் சிடி ஆஞ்சியோவா?

ஆரணி_நெஞ்சக_மருத்துவர்

இளவயதுப் பெண்ணுக்கு முடிந்தவரை எம்ஆர் ஆஞ்சியோ. டகயாசுவுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2018 முதல் எம்ஆர்ஐயைத்தான் முதலில் வைக்கிறது, கதிர்வீச்சு இல்லை, சுவரும் தெரியும். நுரையீரல் திசுவை எம்ஆர்ஐ சரியாகக் காட்டாது, அதற்கு மட்டும் சிடி. இடையில் நாடி, இரண்டு கை பிபி, புதிதாக வந்த வலி இவற்றை வைத்தே நோயின் வேகத்தை மதிப்பிடலாம். அதற்கென்றே நம் நாட்டு மருத்துவர்கள் ஐடாஸ் 2010 என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் அதில் பங்கெடுத்தவர்கள். அந்த மதிப்பெண்ணுக்கு ஸ்கேன் தேவையில்லை.

காட்பாடி_சிடி_அறை

குடியாத்தம் தம்பிக்குக் கடைசியாக ஒன்று. வேலூரில் சிகிச்சைக்காகக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வங்காளத்துக் குடும்பங்களைப் பாருங்கள், பழைய ஃபிலிம் கவர் எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். உள்ளூர்க்காரர்கள் நாம்தான் "அங்கேயே மறுபடி எடுப்பார்கள்" என்று வீட்டில் போட்டுவிட்டு வருகிறோம். முதல் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் தேதி வாரியாக வைத்திருங்கள். ஃபிலிமோடு நிறுத்தாமல் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ டைகாம் கோப்பு (ஸ்கேனின் அசல் கணினிப் படங்கள்) கேட்டு வாங்குங்கள், ஃபிலிமில் அச்சிடுவது சில படங்கள்தான். அடுத்த முறை கான்ட்ராஸ்ட் ஊசி என்று யாராவது சொன்னால், கிரியாட்டினின் தாளை முதலில் நீட்டுங்கள். அக்காவுக்குச் சிறுநீரகம் தேறும் வரை அது முக்கியம்.

குடியாத்தம்_தம்பி

நாளைக்கே கிளினிக்கில் போய் அந்த முதல் எக்ஸ்ரேயை வாங்கிவிடுகிறேன் அண்ணா. கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.